அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்ட பின்: கனடாவின் ஃபெடரல் கோர்ட்டில் மீளாய்வு கேட்பது எப்படி?

மறுப்புக் கடிதம் வந்த அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். கடிதம் எந்தத் தேதியில், எந்த வழியாக உங்கள் கைக்கு வந்தது என்று எழுதி வையுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையை எறியாதீர்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அதை அழிக்காதீர்கள். அடுத்து, கடிதத்தின் தலைப்பைப் பார்த்து உங்களை மறுத்தது யார் என்று உறுதிசெய்யுங்கள். அகதிப் பாதுகாப்புப் பிரிவா, அகதி மேன்முறையீட்டுப் பிரிவா, நாடுகடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீட்டை முடிவுசெய்யும் அதிகாரியா, எல்லைச் சேவை முகமையின் அதிகாரியா? இனி எங்கே போக வேண்டும், எத்தனை நாள் இருக்கிறது, அதுவரை உங்களை விமானத்தில் ஏற்றலாமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

கனடாவில் பாதுகாப்புக் கேட்பவருக்குச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. குடிவரவு, அகதிப் பாதுகாப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்கு. 97ஆம் பிரிவு சித்திரவதை ஆபத்தையும், உயிராபத்தையும், கொடூரமான நடத்தையையும் எதிர்கொள்வோருக்கு. இரண்டும் ஒரே விசாரணையில் முடிவாகும், ஒரே கடிதத்தில் மறுக்கப்படும்.

இந்தத் துறையின் முக்கியத் தீர்ப்புகளைப் புரட்டினால் நம்மவர் பெயர்கள் வரிசையாக வரும்: ரசரத்தினம், திருநாவுக்கரசு, சுரேஷ், கந்தசாமி. நாளைக்கு வேறொரு நாட்டிலிருந்து வந்த ஒருவரின் லோயரும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வாதாடுவார். அந்தத் தீர்ப்புகள் உங்களுக்கும் கருவி. எங்கே பயன்படும் என்று போகப் போகச் சொல்கிறேன்.

கோர்ட் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

பலர் இடறுவது இங்கேதான். நடந்ததை எல்லாம் நீதிபதியிடம் முதலிலிருந்து சொன்னால் அவர் நம்புவார், அகதி என்று ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துப் போகிறார்கள். ஃபெடரல் கோர்ட் நீதிபதி உங்களை அகதி என்று அறிவிக்க அங்கே உட்காரவில்லை. உங்களை மறுத்தவர் அந்த முடிவுக்கு நியாயமான வழியில் வந்தாரா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதனால் உங்கள் எதிராளி உங்கள் கதையில் சந்தேகப்பட்ட அதிகாரி என்பதைவிட, அவர் எழுதி வைத்த காரணங்கள் என்று எடுத்துக்கொள்வதே சரி. அந்தப் பக்கங்களில் பிழை காட்ட முடிந்தால் வழக்கு இருக்கிறது. முடியாவிட்டால், உங்களுக்கு நடந்தது அத்தனையும் உண்மையாக இருந்தாலும் வழக்கு நிற்காது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

2019 டிசம்பரில் வந்த வாவிலோவ் தீர்ப்பில் கனடிய உச்ச நீதிமன்றம் இதற்கான அளவுகோலை வகுத்தது. முடிவுக்குச் சொன்ன காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சாட்சியங்களோடும் சட்டத்தோடும் பொருந்த வேண்டும். சாட்சியத்தை நீதிபதி தானே மறுபடி எடைபோட மாட்டார். ஆனால் முக்கியமான சாட்சியத்தை அதிகாரி தப்பாகப் புரிந்திருந்தாலோ கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலோ தலையிடுவார். ஒருவருடைய வாழ்வில் பெரிய பாதிப்பு ஏற்படுத்தும் முடிவு என்றால், காரணங்களும் அந்தக் கனத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு ஆளை அனுப்பும் முடிவைவிடக் கனமான முடிவு ஏது?

விசாரணை நடத்திய முறையே பிழை என்றால் அது வேறு வகை. பதில் சொல்ல வாய்ப்புத் தராதது, மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தது, உங்களுக்குக் காட்டாத ஆவணத்தை நம்பியது போன்றவை அதில் சேரும். அங்கே கோர்ட் கேட்பது ஒன்றுதான்: நடந்தது நீதியான விசாரணையா?

எந்த வாசல்?

அகதிப் பாதுகாப்புப் பிரிவு மறுத்தால் பெரும்பாலானோர் முதலில் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். நம்மவர் பேச்சில் அது ‘ராட்’. 2012 டிசம்பர் 15 முதல் அது இயங்குகிறது. எழுத்திலான காரணங்கள் கைக்கு வந்து 15 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 45 நாளுக்குள் முழு ஆவணக் கோவை. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. மேன்முறையீட்டு உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தாதவரின் மனுவைக் கோர்ட் எடுக்காது. உண்மையில் ராட் கோர்ட்டைவிட நல்ல வாசல். அங்கே முடிவெடுக்கும் உறுப்பினர் கோவையைத் தானே புதிதாகப் பார்த்து உங்களை அகதி என்று அறிவிக்கலாம். கோர்ட் அதைச் செய்யாது. ராட்டில் அரைமனதோடு எழுதிவிட்டுக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராட்டில் எழுப்பாத வாதத்தைக் கோர்ட்டில் புதிதாகக் கிளப்புவது கடினம்.

சிலருக்கு ராட் கிடையாது. உங்கள் கோரிக்கைக்கு நம்பத்தக்க அடிப்படையே இல்லை என்றோ, அது வெளிப்படையாகவே ஆதாரமற்றது என்றோ முதல் உறுப்பினர் எழுதியிருந்தால் நேரே ஃபெடரல் கோர்ட். அமெரிக்க எல்லை வழியாக வந்து, முதலில் கால்வைத்த நாட்டிலேயே அகதிக் கோரிக்கையை வைக்கச் சொல்லும் பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தத்தின் விதிவிலக்கில் உள்ளே விடப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். ஆபத்து மதிப்பீட்டில் மறுக்கப்பட்டவர்களுக்கும் நேரே கோர்ட்தான்.

15 நாள்

கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவு என்றால், அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அனுமதி, நீதிமுறை மீளாய்வு இரண்டையும் கேட்கும் மனுவைத் தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்கும் சேர்ப்பிக்க வேண்டும். 15 வேலை நாள் இல்லை, சனி ஞாயிறும் சேர்த்துத்தான் 15. படிவம் ஐ.ஆர்-1, கட்டணம் 50 டாலர். டொரொண்டோ, மொன்றியல், வன்கூவர், ஒட்டாவா போன்ற இடங்களில் கோர்ட் அலுவலகங்கள் உண்டு. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். ராட் முடிவுக்கும் ஆபத்து மதிப்பீட்டு முடிவுக்கும் எதிர்த்தரப்பு குடிவரவு அமைச்சர். நாடுகடத்தலைத் தள்ளிவைக்க மறுத்த எல்லை அதிகாரியின் முடிவு என்றால் பொதுப் பாதுகாப்பு அமைச்சர்.

15ஆம் நாள் தவறினால் அதே மனுவில் கால நீட்டிப்புக் கேட்கலாம். வழக்கைத் தொடரும் எண்ணம் தொடர்ந்து இருந்ததா, வழக்கில் சத்து இருக்கிறதா, எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு உண்டா, தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் உண்டா என்று நீதிபதி பார்ப்பார். ஆனால் பலர் அறியாத ஒரு விலை இதற்கு இருக்கிறது. ராட் மறுப்பை எதிர்த்து உரிய காலத்தில் கோர்ட்டுக்குப் போனவருக்கு நாடுகடத்தல் தானாகவே நிற்கும். கால நீட்டிப்புக் கேட்டுப் போகிறவருக்கு அந்தத் தானியங்கிப் பாதுகாப்பு கிடையாது. ஒரு நாள் பிந்தினாலும் அப்படித்தான். ஆகவே நல்ல லோயர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் மனு சில பக்கம்தான். அதைப் போட்டுவிட்டு லோயரைத் தேடுங்கள்.

உங்கள் பெயர் விடயமும் இங்கேயே வருகிறது. அகதிப் பாதுகாப்புப் பிரிவும் ராட்டும் அடங்கிய அகதி வாரியத்தில் விசாரணை மூடிய அறையில் நடந்தது. கோர்ட்டின் கோவை பொதுவானது. தீர்ப்பு உங்கள் பெயரோடு இணையத்தில் ஏறும். ஊரில் தாயோ சகோதரரோ இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போகக்கூடியவர்களும் இருக்கிறார்கள் என்றால், பெயரை மறைக்கும் உத்தரவை முதல் மனுவிலேயே கேளுங்கள்.

லோயர் பற்றி ஒரு விடயம். குடிவரவு ஆலோசகர்கள் ஃபெடரல் கோர்ட்டில் உங்களுக்காக ஆஜராக முடியாது. லோயர்தான் ஆஜராகலாம், அல்லது நீங்களே வாதாடலாம். ஒன்ராறியோவில் லீகல் எய்ட் கேட்கலாம், வழக்கில் சத்து உண்டா என்று பார்த்தே கொடுப்பார்கள். முன்பு உங்களுக்காக ஆஜரானவரின் கவனக்குறைவால்தான் தோற்றீர்கள் என்று வாதாட நினைத்தால், அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கவனக்குறைவு இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்றும் காட்ட வேண்டும்.

மறுப்பை வரிவரியாகப் பிரிப்பது

வழக்கு வெல்வதும் தோற்பதும் இந்தக் கட்டத்தில்தான். மறுப்பின் நகல் ஒன்றை அச்செடுங்கள். ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் மூன்றை எழுதுங்கள்: அதிகாரி கண்டுபிடித்தது என்ன, எந்தச் சாட்சியத்தை வைத்து, அந்தச் சாட்சியம் கோவையில் உண்மையில் என்ன சொல்கிறது. விசாரணையின் ஒலிப்பதிவையும் வாங்கிக் கேளுங்கள்.

அடிக்கடி காணும் காரணங்களைக் கோத்து ஓர் உதாரணம் தருகிறேன். வவுனியாவில் தடுத்து வைக்கப்பட்டு அடித்து விசாரிக்கப்பட்டதாகச் சொல்லும் ஒருவர். உறுப்பினர் இப்படி எழுதுகிறார்: ‘கோரிக்கையாளர் கட்டுநாயக்க விமான நிலையத்தால் தன் சொந்தக் கடவுச்சீட்டில் வெளியேறினார், ஆகவே அதிகாரிகள் அவரைத் தேடவில்லை. உளவியலாளரின் அறிக்கை கோரிக்கையாளர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது; ஆகவே அதற்குக் கனம் இல்லை. தாயின் கடிதம் வழக்கின் முடிவில் சொந்த அக்கறை உள்ள ஒருவருடையது. அவர் கொழும்பில் வாழலாம்.’

முதல் வாக்கியம்: பணம் கொடுத்து ஏஜென்ட் மூலம் வெளியேறியதாக அவர் விசாரணையில் சொல்லியிருந்தாரா? சொல்லியிருந்தும் அதிகாரி அதைத் தொடாமலே ‘ஆகவே’ என்று தாவியிருந்தால் அது பிழை. சத்தியம் செய்து சொன்னதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மை என்றே கொள்ள வேண்டும் என்பது 1979இன் மல்டோனாடோ வழக்கிலிருந்து வரும் விதி. வாரியத்தின் நாட்டுத் தகவல் கோவையில், விமான நிலையத்தில் தடையின்றிப் போக விடப்பட்டவர்கள் பின்னர் விசாரிக்கப்பட்டது பற்றிய பந்தி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் பக்க எண்ணைக் குறியுங்கள். முடிவுக்கு நேரெதிராக நிற்கும் முக்கியமான சாட்சியத்தை அதிகாரி குறிப்பிடவே இல்லையென்றால், அதைப் பார்க்காமலே முடிவெடுத்தார் என்று கோர்ட் ஊகிக்கலாம். செப்பேடா-கூட்டியரஸ் என்ற 1998 தீர்ப்பு இதற்கு.

இரண்டாவது: உளவியலாளர் வவுனியாவில் நின்று பார்த்தாரா என்ற மாதிரியான மறுப்பு இது. இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவரின் கந்தசாமி வழக்கில், 2015இல், உச்ச நீதிமன்றம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்லிவிட்டது. நோயாளியின் துன்பத்துக்குக் காரணமான நிகழ்வை மனநல நிபுணர் கண்ணால் பார்த்திருப்பது அபூர்வம். இத்தகைய அறிக்கை ஓரளவு கேட்டறிந்ததில்தான் நிற்கும். அதைக் குறையாகச் சொல்லித் தள்ளக்கூடாது. அது மனிதாபிமான விண்ணப்பம் பற்றிய வழக்கு. ஆனால் இந்தக் கருத்து அகதி வழக்குகளுக்கும் பொருந்துமென்று வாதாடலாம். அறிக்கையில் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நிபுணர் தானே கவனித்த அறிகுறிகள், செய்த பரிசோதனை, தழும்பின் அளவும் இடமும், ‘சொன்ன விதத்தோடு ஒத்துப்போகிறது’ என்ற மருத்துவக் கருத்து. இவை கோரிக்கையாளர் சொன்னதின் எதிரொலி இல்லை. ஞாபகம் தடுமாறும் என்று அறிக்கை சொல்லியிருக்க, தேதி மாறியதைப் பொய் என்று அதிகாரி எழுதியிருந்தால், அறிக்கையை எந்த வரிசையில் படித்தார் என்ற கேள்வியும் வரும். நம்பவில்லை என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, நம்பாததாலேயே மருத்துவச் சாட்சியத்தையும் தள்ளுவது தலைகீழ் வேலை.

மூன்றாவது: வீட்டில் நடந்ததை வீட்டாரைத் தவிர வேறு யார் சொல்வார்கள்? உறவு என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியத்தைத் தள்ளுவதைக் கோர்ட் பலமுறை கண்டித்திருக்கிறது.

நான்காவது: நாட்டுக்குள்ளேயே வேறு இடத்தில் வாழலாம் என்பது ரசரத்தினம் வழக்கின் இரண்டு கேள்விகள். அந்த இடத்தில் துன்புறுத்தலுக்கோ 97ஆம் பிரிவு சொல்லும் ஆபத்துக்கோ இடமுண்டா, அங்கே போ என்று அவரிடம் சொல்வது நியாயமா. அந்த வழக்கிலும் பேசப்பட்ட ஊர் கொழும்புதான். இரண்டு கேள்வியையும் அதிகாரி தொட வேண்டும். ஒளிந்து வாழும்படி யாரையும் கேட்க முடியாது என்கிறது 1993இன் திருநாவுக்கரசு தீர்ப்பு. இங்கே எச்சரிக்கை ஒன்று. உள்நாட்டு மாற்றிடம் பற்றிய முடிவு சரியாக இருந்தால், அது ஒன்றே முழு மறுப்பையும் தாங்கும். மற்ற மூன்று பிழையைக் காட்டிவிட்டு இதை விட்டால் தோல்விதான். எது மறுப்பைத் தாங்கும் தூண் என்று கண்டுபிடித்து அதைத் தாக்குங்கள். பத்துச் சின்னப் பிழையைவிடத் தூணில் காட்டும் ஒரு பெரிய பிழை பலமானது.

சித்திரவதைக் கோரிக்கையில் தனியாகத் தேட வேண்டியவை

96க்கும் 97க்கும் அளவுகோல் வேறு. 96இல் துன்புறுத்தல் நடக்கப் பாரதூரமான சாத்தியம் இருந்தால் போதும். ஐம்பது வீதத்துக்குக் கீழேயும் இருக்கலாம். 97இல் ஆபத்து இருப்பதற்கே அதிக வாய்ப்பு என்று காட்ட வேண்டும். அதிகாரி 96க்கு 97இன் கடினமான அளவுகோலை வைத்திருந்தால் அது சட்டப் பிழை. மறுபக்கம், 97இல் உங்கள் மனதின் பயம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. ‘உடனே கோரிக்கை வைக்கவில்லை, ஆகவே பயம் இல்லை’ என்று 96ஐ மறுத்தவர், அதே வரியால் 97ஐயும் மூடியிருந்தால் கேள்வி கேளுங்கள். உங்களைப் போன்ற ஒருவர் அங்கே சித்திரவதைக்கு உள்ளாவார் என்று நாட்டுத் தகவல் சொல்கிறதா என்பதை அவர் தனியாகப் பார்த்திருக்க வேண்டும்.

முன்பு சித்திரவதை நடந்தது உண்மை, ஆனால் இப்போது நாட்டு நிலைமை மாறிவிட்டது என்று மறுத்திருந்தால் 108(4)ஆம் பிரிவைப் பாருங்கள். பட்ட துன்பம் அத்தனை கொடியது, அந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப நாடும்படி கேட்க முடியாது என்றால், ஆபத்து நீங்கினாலும் பாதுகாப்புத் தரலாம் என்கிறது அது. அதைப் பற்றி யோசிக்காமலே தாண்டியிருந்தால் நல்ல வாதம் உங்கள் கையில் இருக்கிறது.

குற்றம் அல்லது பாதுகாப்புக் காரணத்தால் தகுதி மறுக்கப்பட்டவர்களுக்கு 2002 ஜனவரியில் வந்த சுரேஷ் தீர்ப்பு அடித்தளம். சித்திரவதைக்கு ஆளை அனுப்புவது உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவுக்குப் பொதுவாக முரணானது என்றும், ஆபத்தைக் காட்டியவருக்கு எதிரான ஆதாரத்தைப் பார்க்கவும் எழுத்தில் பதில் சொல்லவும் வாய்ப்பு வேண்டும் என்றும் அது சொல்கிறது. விதிவிலக்கான சூழலுக்கு ஒரு சிறு கதவை உச்ச நீதிமன்றம் திறந்தே வைத்தது. ஐ.நா. சித்திரவதைத் தடை உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரையில் அப்படி ஒரு கதவே இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

ஆபத்து மதிப்பீட்டு மறுப்புகளில் ‘போதிய சாட்சியம் இல்லை’ என்ற சொற்றொடரைத் தேடுங்கள். அதிகாரி பெரும்பாலும் உங்களை நேரில் பார்க்காமல் காகிதத்தை வைத்தே எழுதியிருப்பார். சத்தியக் கடதாசியில் எல்லாம் இருந்தும் ‘போதாது’ என்கிறார் என்றால், நம்பவில்லை என்பதைத்தான் வேறு சொல்லில் சொல்கிறாரா? அப்படியென்றால் நேர்முக விசாரணை வைத்திருக்க வேண்டும். இந்தப் பிழைக்காகவே திருப்பி அனுப்பப்பட்ட வழக்குகள் நிறைய.

கோவை

மனு போட்ட பின் விண்ணப்பக் கோவையைக் கொடுக்க விதிப்படி 30 நாள். எழுத்திலான காரணங்கள் இன்னும் வரவில்லையென்றால் அவை வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வழக்குகள் குவிந்ததால் 2025இல் கோர்ட் ஒரு சிறப்பு உத்தரவில் இதை 75 நாளாக்கியது. உங்கள் நேரத்தில் எது நடைமுறையில் உள்ளது என்று பதிவகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கோவை போகாவிட்டால் யாரும் படிக்காமலே வழக்குத் தள்ளுபடி.

கோவையில் மனு, மறுப்பு, சத்தியக் கடதாசி, வாதக் குறிப்பு இருக்கும். சத்தியக் கடதாசியில் வாதம் வேண்டாம். நடந்ததும் கொடுத்த ஆவணங்களும் மட்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாதவர் தமிழில் வாசிக்கக் கேட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்; மொழிபெயர்த்தவரின் உறுதியும் இணைந்திருக்க வேண்டும். அது இல்லாத சத்தியக் கடதாசியை எதிர்த்தரப்பு முதலிலேயே தாக்கும். மறுப்புக்குப் பின் ஊரிலிருந்து வந்த புதுக் கடிதத்தை இங்கே வைத்துப் பயனில்லை. அதிகாரி முன் இருந்ததை வைத்துத்தான் கோர்ட் பார்க்கும். விசாரணை நீதியாக நடக்கவில்லை என்று காட்ட மட்டும் புதுச் சாட்சியம் எடுபடும். புதுக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், பின்னர் தேவைப்படும்.

வாதக் குறிப்பு 30 பக்கத்துக்குள். இரண்டு அல்லது மூன்று பிழை, ஒவ்வொன்றுக்கும் பக்க எண். அதற்கு மேல் வேண்டாம்.

அமைச்சரின் லோயர் பதில் எழுதுவார், நீங்கள் மறுபதில் எழுதலாம். பிறகு ஒரு நீதிபதி காகிதத்தை மட்டும் பார்த்து அனுமதி தருவார் அல்லது மறுப்பார். மறுத்தால் பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார், அதற்கு மேன்முறையீடும் இல்லை. அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாளுக்குள் விசாரணை. பெரும்பாலும் சாட்சி யாரும் ஏற மாட்டார்கள், லோயர்கள் பேசுவார்கள். சில வழக்குகளில் பிழை தெளிவாகத் தெரிந்தால் அமைச்சர் தரப்பே விசாரணைக்கு முன் திருப்பி அனுப்பச் சம்மதிக்கும். அந்தக் கடிதம் வந்தால் தயங்காமல் லோயரோடு பேசுங்கள்.

நாடுகடத்தலை நிறுத்துவது

ராட் மறுப்பு, உரிய காலத்தில் மனு: நாடுகடத்தல் தானாக நிற்கும், பாரிய குற்றக் காரணம் போன்ற சில விலக்குகள் உண்டு. ராட் உரிமையே இல்லாதவர்களுக்கும் ஆபத்து மதிப்பீட்டில் தோற்றவர்களுக்கும் தானாக எதுவும் நிற்காது. எல்லை முகமை தேதி கொடுத்ததும் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அல்லது பதில் வராவிட்டால் கோர்ட்டில் ஸ்டே மனு, அதாவது நாடுகடத்தலை இடைநிறுத்தக் கேட்கும் மனு. 1988இன் டோத் வழக்கு வைத்த மூன்று கேள்விகள்: ஆராய வேண்டிய பிரச்சினை உண்டா, ஈடுசெய்ய முடியாத தீங்கு நேருமா, யார் பக்கம் சமநிலை சாய்கிறது. தீங்கு ஊகமாக இருக்கக்கூடாது. பத்திரப்படுத்தச் சொன்ன அந்தப் புதுக் கடிதம் இங்கேதான் வெளியே வரும். விமானத்துக்கு முந்திய இரவில் மனு போட்டால் அதற்காகவே மறுக்கப்படலாம். தேதி தெரிந்த நாளிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

வென்றால் கோரிக்கை வேறொரு உறுப்பினரிடம் அல்லது அதிகாரியிடம் திரும்பப் போகும். அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டதென்று அர்த்தம் இல்லை. இரண்டாம் முறையும் மறுக்கப்படலாம். அந்த இடைவெளியில் புதுச் சாட்சியம் சேருங்கள், மருத்துவ அறிக்கையைப் புதுப்பியுங்கள், முதல் மறுப்பில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயார் செய்யுங்கள்.

தோற்றால், நீதிபதி பொது முக்கியத்துவம் உள்ள கேள்வி என்று சான்றளித்தால் மட்டுமே ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது அரிது. பொதுவாக அந்த முடிவிலிருந்து 12 மாதம் கழிந்த பின்தான் ஆபத்து மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதுவும் புதுச் சாட்சியத்தோடு. சித்திரவதை ஆபத்து உடனடியானது என்றால் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவுக்குத் தனிநபர் முறைப்பாடு அனுப்பலாம். அதற்கான அதிகாரத்தைக் கனடா ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாடுகடத்தலை நிறுத்தி வைக்கும்படி இடைக்கால நடவடிக்கையையும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கை தன்னைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது கனடிய அரசின் நிலைப்பாடு. எனவே அதை மட்டும் நம்பிக் கோர்ட்டின் ஸ்டே மனுவைக் கைவிடாதீர்கள். உள்நாட்டு வழிகள் அனைத்தும் முடிந்தன என்று குழுவுக்குக் காட்ட வேண்டும். கோர்ட் உத்தரவுகள், மறுப்புகள், நாடுகடத்தல் தேதி குறித்த கடிதம் எல்லாவற்றின் நகலும் ஒரே கோவையில் தேதி வரிசையில் இருக்கட்டும்.